கையெழுத்து வைத்த பிறகு வாடகைக்காரர் பின்வாங்கினால்: உங்கள் அனுபவம்?

கனடாவில் இருக்கும் அக்காவின் யாழ்ப்பாணம் கோண்டாவில் வீட்டை, அவர் எழுதித் தந்த அற்றோணித் தத்துவத்தின் (பவர் ஒஃப் அற்றோணி) பேரில் நான்தான் பார்க்கிறேன். ஒரு நிறுவனம் அலுவலகத்துக்கென்று இரண்டு வருடக் குத்தகைக்கு எடுத்தது. நொத்தாரிசு முன்னால், சாட்சிகளோடு கையெழுத்து. அவர்கள் கேட்டபடி ஏசிக்கு வயரும் இழுத்துக் கொடுத்தோம். குடிவர வேண்டிய நேரத்தில் போன் வருகிறது: "மேலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, முற்பணத்தைத் தாருங்கள்."

அக்காவுக்குக் கடும் கோபம். இரண்டு வருட வாடகையையும் கேள் என்றார். சட்டத்தரணி மறித்தார். வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு முழுத்தொகைக்கும் வழக்குப் போட்டால், நட்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும். வேறு ஆள் தேடுங்கள், தேடியதற்கு ஆதாரம் வையுங்கள் என்றார். வீடு சும்மா கிடந்த காலத்து வாடகை, புதியவர் குறைத்துத் தந்தால் அந்த வித்தியாசம், வயரிங் செலவு. கேட்கக்கூடியது இவ்வளவுதான். கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம், பத்திரிகையில் விளம்பரமும் போட்டோம். கொஞ்சம் குறைந்த வாடகைக்கு ஒரு டியூட்டரி (தனியார் கல்வி நிலையம்) வந்தது. பில்களைக் காட்டி முற்பணத்தில் கழித்து மிச்சத்தைக் கொடுத்தோம். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

பதில்:
உங்களிடம் நொத்தாரிசு உறுதி இருந்தது, அண்ணா. திருநெல்வேலியில், யாழ்ப்பாணக் கம்பஸுக்குக் கிட்ட உள்ள எங்கள் வீட்டுக்கு, நொத்தாரிசுச் செலவு எதற்கு என்று வாடகைக்காரர் சொல்ல, வெறும் தாளில்தான் ஒரு வருடத்துக்கு எழுதினோம். அவர் வராமல் விட்டபோது அந்தத் தாள் உதவவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. கடைசியில், பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனோம். அங்கே சட்டத்தரணிகள் பேசுவதில்லை, இரு பகுதியும் நேரே இருந்து கதைக்க வேண்டும். ஒரு மாத வாடகையோடு தீர்ந்தது. அந்தச் சபையிலிருந்த ஐயாமார் காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

பதில்:
சிறிய தொகை என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகாமல் மாவட்ட நீதிமன்றம் வழக்கை எடுக்காது. இணக்கம் வராவிட்டால் அங்கே தரும் சான்றிதழைக் கவனமாக வைத்திருங்கள். எழுத்து மூல ஒப்பந்தத்தில் வழக்குப் போட 6 வருடக் கால எல்லை உண்டு, வெளிநாட்டு உறவுக்காரர் வரும்வரை என்று இழுக்க வேண்டாம். இனி உறுதி எழுதுபவர்கள், இடையில் விலகினால் எத்தனை மாத வாடகை, முற்பணத்தில் எதைக் கழிக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.