போஃபோர்ட் சுழலில் நன்னீர்: காற்று சேர்ப்பதும் சுழிகள் கலைப்பதும்

தடா_மாணவன்: எங்கள் பழவேற்காடு ஏரியில் உப்பை ஆற்றுநீரும் முகத்துவாரமும் தீர்மானிக்கின்றன. ஆர்க்டிக் நடுக்கடலில் நன்னீர் எப்படித் தேங்குகிறது? எப்படிக் கணக்கிடுவது?

கொல்லங்கோடு_கடலியல்: அலாஸ்காவுக்கு வடக்கே, போஃபோர்ட் சுழல் எனப்படும் பெரிய வட்ட நீரோட்டத்தின் மேல், உயரழுத்தக் காற்று வலஞ்சுழியாக வீசுகிறது. பூமியின் சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விசையால் மேல்நீர் காற்றின் வலப்புறம், அதாவது நடுவுக்கு, தள்ளப்பட்டு அமிழ்கிறது. இப்படிச் சேர்ந்திருப்பது 20,000 கன கிலோமீட்டருக்கும் மேல்.

அளவிட, 34.8-ஐ (ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ இத்தனை கிராம் உப்பு) ஒப்பீட்டு உவர்ப்பாக வைத்து, ஒவ்வொரு ஆழத்திலும் (34.8 − உவர்ப்பு) ÷ 34.8 கண்டு, உவர்ப்பு 34.8 ஆகும் ஆழம் வரை கூட்டுங்கள். 100 மீட்டர் அடுக்கு முழுதும் உவர்ப்பு 29 என்றால் அதில் 16.7 மீட்டர் நன்னீர்.

அமிழும் வேகம் = இழுவிசையின் சுருள் ÷ (அடர்த்தி × கொரியாலிஸ் அளவுரு). இழுவிசை என்பது நீர்ப்பரப்பை இழுக்கும் விசை, சுருள் என்பது அது இடத்துக்கு இடம் மாறும் வீதம், அளவுரு என்பது அந்த அகலாங்கில் பூமிச் சுழற்சியின் விளைவைக் காட்டும் எண். 500 கி.மீ.க்குள் இழுவிசை 0.03 நியூட்டன்/ச.மீ. மாறினால் ஆண்டுக்குச் சுமார் 13 மீட்டர். பலர் இங்கே காற்றின் இழுவிசையை அப்படியே போட்டுவிடுகிறார்கள், அது தவறு. பனி மூடிய இடத்தில் பனிக்கும் நீருக்கும் உள்ள வேக வித்தியாசத்தைத்தான் எடுக்க வேண்டும். நீரோட்டம் பனியின் வேகத்தை எட்டிவிட்டால் உந்தல் தானாகவே குறையும்.

தடா_மாணவன்: காற்று ஓயாவிட்டால் சேர்ந்துகொண்டே போகுமா சார்?

களியக்காவிளை_மாதிரி: போகாது தம்பி. நடுவில் உவர்ப்பு அடுக்கு இறங்க இறங்கச் சரிவு கூடும். அந்தச் சரிவின் நிலையாற்றலில்தான் சுழிகள் (சிறு நீர்ச்சுழல்கள்) பிறந்து, நன்னீரை விளிம்புக்குக் கடத்துகின்றன. அவற்றின் அளவு 10 கி.மீ. போல. 25 கி.மீ. கட்டம் வைத்த கணினி மாதிரியில் தெரியவே தெரியாது, சுழிப் பரவல் கெழுவை (சுழிகள் எவ்வளவு கடத்தும் என்று சொல்லும் எண்ணை) நாமே தர வேண்டும். அது கூடினால் நன்னீர் கசிந்துவிடும், குறைந்தால் மிதமிஞ்சித் தேங்கும். கெழுவை மாறிலியாக வைக்காதீர்கள், சரிவோடு சேர்ந்து மாறட்டும்.