புதுப்பிப்பு: மகனின் ஈரலில் இரும்பு, ஸ்கேனிலேயே அளந்தாயிற்று
தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றும் மகனுக்கு, அதனால் உடலில் சேரும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை 3,200 என்று மிக அதிகமாக வந்தது. ஊசி குத்தி ஈரல் சதை எடுக்காமல் இரும்பை அளக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்" என்று இங்கே ஒரு அக்கா சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஈரலிலும் இருதயத்திலும் உள்ள இரும்பை அளக்கும் காந்த ஸ்கேன் அது.

ஹட்டனிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். ஸ்கேனுக்காக ஊசியில் மருந்து எதுவும் ஏற்றவில்லை. படம் எடுக்கும்போது மூச்சை அடக்குவதுதான் நாங்கள் எதிர்பார்க்காத சிரமம். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி. பிள்ளை பயத்தில் பாதியிலேயே மூச்சை விட, முதல் படங்கள் கலங்கிவிட்டன. அவனை வெளியே கூப்பிட்டார்கள்; என் கையைப் பிடித்தபடி மூச்சை அடக்கி நாலு முறை பழகினான், அப்புறம் சரியாக வந்தது. வீட்டிலேயே பழக்கிவிட்டுப் போங்கள்.

ஈரலின் உலர் எடையில் கிராமுக்கு 9 மில்லிகிராம் இரும்பு; வழமையாக 1.8க்குள் இருக்க வேண்டும். இருதயத்தில் டி2 ஸ்டார் அளவு 32 மில்லிவிநாடி; இரும்பு கூடினால் இந்த அளவு குறையும், 20க்கு மேல் இருப்பதால் அங்கே பயமில்லை. இரும்பை வெளியேற்றும் மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டியிருக்கிறார்.