மதுரை வடக்கு மாசி வீதிக் குடும்பக் குழுவில் அம்மாவின் டெல்லி

*புதன்*

அம்மா, காலை 5:51
எழுந்து குளித்துவிட்டேன். கரோல் பாக் விடுதியில் ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது. அண்ணே, நீங்கள் சொன்னபடி தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியையும் கதவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் படுத்தேன். இப்போது ஹுமாயூன் கல்லறைக்குக் கிளம்புகிறேன். சூரியன் உதித்ததும் திறந்துவிடுவார்கள்.

பெரிய மாமா, காலை 5:54
துணைக்கு யார் வருகிறார்கள்?

அம்மா, காலை 5:54
யாரும் இல்லை. நான் மட்டும்தான்.

பெரிய மாமா, காலை 5:57
ஆட்டோ நம்பரைப் படம் எடுத்துப் போடு. இந்த வெயிலில் தனியாகப் போக வேண்டுமா என்று ஊரில் வைத்தே கேட்டேன். டிசம்பரில் எல்லோரும் சேர்ந்து போயிருக்கலாம்.

அம்மா, காலை 6:02
ஒவ்வொரு டிசம்பரிலும் யாருக்காவது பரீட்சை, யாருக்காவது பிரசவம் அண்ணே. முப்பது வருடம் அப்படியே போய்விட்டது. வாத்தியாராக இருந்தவளுக்கு மே மாதம்தான் லீவு. ஓய்வு பெற்ற பிறகும் மே பிறந்தால்தான் எனக்குப் பயண நினைப்பே வருகிறது. ஆட்டோ நம்பர் கீழே.

[படம்]

சித்தி, காலை 6:30
அக்கா, தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்தாயா?

அம்மா, காலை 6:31
எடுத்தேன். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் இருக்கிறது.

அம்மா, காலை 8:20
வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முதல் வாசலைத் தாண்டியதும் கல்லறை தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன், தெரியவில்லை. மரங்கள், இன்னொரு வாசல், அதற்கப்புறம் ஒரு வளைவு. அந்த வளைவுக்குள், கதவுச் சட்டத்தில் மாட்டிய படம் மாதிரி, வெள்ளைக் குவிமாடமும் சிவப்புக் கல்லும் சேர்ந்து நிற்கின்றன. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டுவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் போய் நின்றேன். கூட யாராவது வந்திருந்தால் இப்படி நின்றிருக்க முடியாது.

இதைக் கட்டச் செய்தவர் ஹுமாயூனின் மனைவி பேகா பேகம். பாரசீகத்திலிருந்து வந்த மீராக் மிர்சா கியாஸ் வடிவமைத்தார். 1570 வாக்கில் முடிந்தது. வகுப்பில் தாஜ்மஹாலுக்கு ஒரு பீரியட் முழுக்கக் கொடுத்தேன். அதைவிட அறுபது வருடம் மூத்த இதை, "தாஜ்மஹாலுக்கு முன்னோடி" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். கணவன் போன பிறகு மனைவி எழுப்பிய கட்டடம் என்று ஒரு தடவைகூடப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. இன்றைக்கு அதுதான் மனதில் நின்றது.

நான், காலை 8:24
அம்மா 💛

அம்மா, காலை 8:33
உள்ளே நாம் பார்க்கும் சலவைக்கல் வெறும் அடையாளம்தான். உண்மையான சமாதி அதற்கு நேர் கீழே இருக்கிறது. 1857இல் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் வந்து ஒளிந்ததும் இந்த இடத்தில்தான். இங்கிருந்துதான் அவரைப் பிடித்துப் போனார்கள், பிறகு ரங்கூனுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். தம்பி, நீ என் வகுப்பில் இருந்தபோது பார்த்திருக்கிறாய்.

தம்பி, காலை 8:40
ஞாபகம் இருக்கிறது அம்மா. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

அம்மா, காலை 10:15
புராணா கிலா என்கிற பழைய கோட்டையையும் பார்த்தாயிற்று. ஷேர் மண்டல் என்று எட்டுப் பட்டையில் ஒரு சிவப்புக் கட்டடம். ஹுமாயூனுக்கு அதுதான் நூலகம். 1556 ஜனவரியில் அதன் படியில் விழுந்துதான் இறந்தார். "ராஜா படியில தடுக்கி விழுந்தா செத்தாரு டீச்சர்?" என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும். ஆமாம் கண்ணு, இதோ அந்தப் படி இருக்கிற வீடு.

[படம்]

அத்தை, பகல் 12:05
வெயில் எப்படி இருக்கிறது?

அம்மா, பகல் 12:40
44 டிகிரி. அறைக்கு வந்துவிட்டேன் மதினி. நம் ஊரில் வியர்த்து ஊற்றும், இங்கே வியர்ப்பதே தெரியவில்லை. வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுகிறது. 'லூ' என்கிறார்கள், அடுப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரிக் காற்று. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கவே கூடாது. தெருவில் ஆம் பன்னா விற்கிறார்கள்: பச்சை மாங்காயைச் சுட்டுப் பிசைந்து, சீரகம், கறுப்பு உப்பு, புதினா போட்டுக் குளிரக் குளிரத் தருகிறார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

சித்தி, பகல் 12:44
சர்க்கரையா வெல்லமா அக்கா?

அம்மா, பகல் 12:45
நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா, மாலை 6:50
இந்தியா கேட் பார்த்தேன். நல்ல கூட்டம். அதைவிட, வழியெல்லாம் சரக்கொன்றை! இலையே தெரியாமல் மஞ்சள் சரம் சரமாகத் தொங்குகிறது. டெல்லியின் மே மாதம் என்றால் வெயிலைத்தான் சொல்வார்கள், இந்தப் பூவைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் அம்மாவிடம் காட்டுங்கள் அண்ணே.

[படம்]

பெரிய மாமா, மாலை 7:15
அம்மா பார்த்தாள். "சொக்கநாதருக்கு உகந்த பூ, அவள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள்" என்கிறாள்.

*வியாழன்*

அம்மா, காலை 6:20
மெட்ரோவில் இருக்கிறேன். முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். மஞ்சள் லைன், குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். தங்கச்சி, ஆம் பன்னாவில் சர்க்கரைதானாம். சிலர் வெல்லமும் போடுவார்களாம்.

பெரிய மாமா, காலை 9:05
எங்கே இருக்கிறாய்?

பெரிய மாமா, காலை 9:30
பதில் போடு.

பெரிய மாமா, காலை 9:48
போன் அணைந்திருக்கிறது என்று வருகிறது. யாராவது பேசினீர்களா?

நான், காலை 9:52
நானும் கூப்பிட்டேன் மாமா. போகவில்லை.

தம்பி, காலை 10:10
விடுதிக்குப் பேசினேன். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். திரும்பி வந்தால் உடனே பேசச் சொல்லியிருக்கிறேன்.

சித்தி, காலை 10:12
வெயிலில் மயக்கம் வந்திருக்குமோ. எனக்குக் கை நடுங்குகிறது.

அத்தை, காலை 10:20
பதற வேண்டாம். பேட்டரி தீர்ந்திருக்கும். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை, யாரும் அவர் போனுக்குக் கூப்பிடாதீர்கள்.

பெரிய மாமா, காலை 10:55
டெல்லியில் நம் பேங்க் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரை நேரில் போகச் சொல்லட்டுமா?

[பெரிய மாமா அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது]

அம்மா, காலை 11:38
நன்றாக இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். வெயிலில் போன் சூடேறி, எச்சரிக்கை காட்டித் தானாகவே அணைந்துவிட்டது. மெட்ரோவில் குளிர்ந்த பிறகு இப்போதுதான் உயிர் வந்தது. அத்தனை தவறிய அழைப்புகளையும் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரிய மாமா, காலை 11:39
சரி.

பெரிய மாமா, காலை 11:41
சரிம்மா. சாப்பிட்டாயா?

அம்மா, பகல் 12:30
சாப்பிட்டேன். நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை அண்ணே. இனிமேல் போனைத் துணி சுற்றிப் பைக்குள் வைக்கிறேன். விடுதி நம்பரையும் உங்கள் நம்பரையும் காகிதத்தில் எழுதி ரவிக்கைப் பர்சில் வைத்துவிட்டேன். காலை 9, பகல் 1, மாலை 7, இந்த மூன்று வேளையும் கட்டாயம் செய்தி வரும்.

ஆனால் போன் இல்லாத அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

குதுப் மினார் 72.5 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 379 படிகள், ஆனால் மேலே யாரையும் விடுவதில்லை. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசலாகி 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். எத்தனை தடவை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போயிருப்பேன்! அந்தக் கதவுக்கு முன்னால் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

இரும்புத் தூணைப் பார்த்தேன். இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது, ஆறு டன்னுக்கு மேல் எடை. 1600 வருடமாகத் துருப்பிடித்து உதிராததற்குக் காரணம் இரும்பிலிருக்கும் பாஸ்பரஸ், அது மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது. இதெல்லாம் நான் எதிர்பார்த்து வந்தது.

எதிர்பார்க்காதது அலாய் தர்வாசா. மினாருக்குப் பக்கத்தில் ஒரு வாசல் மண்டபம், அவ்வளவுதான். சிவப்புக் கல்லில் வெள்ளைச் சலவைக்கல் பதித்தது. பலகையில் வருடம் போட்டிருந்தது: 1311.

அண்ணே, 1311.

பெரிய மாமா, பகல் 12:34
மாலிக் கபூர்.

அம்மா, பகல் 12:52
ஆமாம். அலாவுதீன் கில்ஜி இங்கே இந்த வாசலைக் கட்டிய அதே வருடம் ஏப்ரலில், அவருடைய தளபதி நம் மதுரையில் நின்றார். அக்டோபரில்தான் டெல்லிக்குத் திரும்பினார். அவர்களுக்கு ஆறு மாதம் ஆன வழியை நான் இரண்டு இரவில் தூங்கிக்கொண்டே வந்துவிட்டேன். இரண்டையும் வேறு வேறு பாடத்தில், வேறு வேறு மாதத்தில் நடத்தியிருக்கிறேன். ஒரே வருடம் என்று எனக்குத் தெரியும், ஆனால் உறைத்ததில்லை. வாசலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

பெரிய மாமா, பகல் 1:10
நம் கோயிலில் சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் அந்தச் சிதைந்த லிங்கத்தைக் காட்டி, படையெடுப்புக் காலத்தைப் பற்றி அப்பா சொல்வாரே. நீயும் நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்போம். அதை நினைத்தாயா?

அம்மா, பகல் 1:12
அதைத்தான் நினைத்தேன்.

பெரிய மாமா, பகல் 1:13
கோபம் வரவில்லையா உனக்கு?

அம்மா, பகல் 1:31
வரும் என்றுதான் எதிர்பார்த்தேன் அண்ணே. வருத்தம் வந்தது, அப்பா ஞாபகம் வந்தது. ஆனால் கண் அந்த வளைவை விட்டு நகரவில்லை. பக்கத்திலேயே அதைவிட நூறு வருடம் பழைய வளைவுகள் இருக்கின்றன, கல்லை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி அடுக்கியவை. அலாய் தர்வாசாவில் கல்லை ஆப்பு மாதிரிச் செதுக்கி, விசிறி விரித்ததுபோல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு 700 வருடமாக நிற்கிறது. வளைவின் உள்விளிம்பு முழுக்கத் தாமரை மொட்டு, வரிசையாக. அதைச் செதுக்கிய கல்தச்சனுக்கு மதுரையில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்குமா? அவன் காலை முதல் சாயங்காலம் வரை மொட்டு செதுக்கியிருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

போன் இல்லாததால் படம் எடுக்கவில்லை. நோட்டில் வரைந்தேன். கரும்பலகையில் வரைந்த கைதானே.

[படம்: கோடு போட்ட நோட்டில் பென்சில் வளைவு, விளிம்பில் மொட்டுகள்]

அத்தை, பகல் 1:40
எவ்வளவு அழகாக வந்திருக்கிறது!

நான், பகல் 1:41
அம்மா, இதை யாருக்கும் கொடுத்துவிடாதே. எனக்கு வேண்டும்.

அம்மா, இரவு 8:35
மாலையில் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா. சமாதி அறைக்குள் பெண்களை விடுவதில்லை, முற்றத்தில் உட்காரலாம். எனக்கு மனக்குறைதான், இருந்தாலும் உட்கார்ந்தேன். அதே முற்றத்தில் கவிஞர் அமீர் குஸ்ருவின் சமாதியும் இருக்கிறது. மாலிக் கபூர் மதுரைக்கு வந்து போனதை எழுதி வைத்தவர் அவர்தான். வியாழக்கிழமை என்பதால் கவ்வாலி, சூஃபி பக்திப் பாட்டு. ஒரு சொல்கூடப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையில் விசிறியைக் கொடுத்தார், மாற்றி மாற்றி வீசிக்கொண்டோம். விடுதிக்கு வந்துவிட்டேன், கதவு பூட்டியாயிற்று.

*வெள்ளி*

அம்மா, பகல் 1:00
தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறேன். மொகஞ்சதாரோவின் நடன மங்கை பத்தரை சென்டிமீட்டர்தான்! பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு நிற்பாளே, நேரில் என் நடுவிரலைவிடக் கொஞ்சம்தான் உயரம். இடுப்பில் வைத்த கையை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன்.

தம்பி, பகல் 1:06
செங்கோட்டை போகவில்லையா அம்மா?

அம்மா, பகல் 1:09
வெளியிலிருந்து பார்த்தேன். வரிசை வெயிலில் நீண்டு கிடந்தது. ஓடி ஓடி எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதில் சாயங்காலம் ஆர்.கே.புரம் மலை மந்திர்.

அம்மா, மாலை 7:02
சுவாமிநாதர் தரிசனம் ஆயிற்று. கருங்கல் கோயில், 1973இல் குடமுழுக்கு நடந்தது. மீனாட்சிக்கும் சுந்தரேஸ்வரருக்கும் தனிச் சன்னதி இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டார் அர்ச்சகர். மதுரை என்றதும் கையில் இருந்த மல்லிகையை அப்படியே என்னிடம் நீட்டினார்.

*சனி*

அம்மா, காலை 9:00
ரயிலில் ஏறிவிட்டேன். கீழ் பெர்த். எதிரே ஒரு குடும்பம், விருதுநகர்க்காரர்கள். கொன்றைப் பூ வாடிவிடும், அதனால் உதிர்ந்து கிடந்த காய் இரண்டு எடுத்து வருகிறேன் அம்மாவுக்கு.

பெரிய மாமா, காலை 9:04
ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அந்த நோட்டை மடங்காமல் கொண்டு வா. அம்மா இரண்டு நாளாக அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், "இது நம் மார்கழிக் கோலத்து மொட்டுதானே" என்கிறாள்.

*திங்கள்*

அத்தை, காலை 5:40

[படம்: ஈர வாசலில் அரிசி மாவுக் கோலம், வளைவின் உள்விளிம்பில் மொட்டு வரிசை]

மாமியார் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் போட்டேன். மொட்டு பத்தொன்பதுதான் அடங்கியது. நோட்டில் எத்தனை என்று வந்து எண்ணிச் சொல்லு.

அம்மா, காலை 5:44
திண்டுக்கல் தாண்டிவிட்டது மதினி. யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.