மன்னார்ப் பக்கம் நுளம்பு பிடிக்கிறோம், ஒரு யோசனை வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு இனம் அகப்பட்டது. அதனால் கண்காணிப்பை விடவே முடியாது.

குடம்பி (நீரில் வாழும் நுளம்புப் புழு) பிரச்சினையில்லை. கிணற்றில் வாளி இறக்கி வெள்ளைத் தட்டில் ஊற்றினால், மற்ற நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் மட்டும் நீர்மட்டத்தோடு படுத்திருக்கும்.

வளர்ந்த நுளம்புதான் சிக்கல். கரண்ட் இல்லாத ஒதுக்குப்புறத்தில் ஒளிப்பொறி (வெளிச்சத்துக்கு வரும் நுளம்பை விசிறியால் பைக்குள் இழுக்கும் பொறி) கட்டுகிறோம். 6 வோல்ட் பற்றரி விடியுமுன் சோர்ந்து விசிறி நின்றுவிடுகிறது, பிடிபட்ட நுளம்புகளும் பறந்துவிடும். போன கிழமை பைக்குள் எறும்பு புகுந்து, சிறகுகள்தான் மிச்சம். சிறகுப் புள்ளிகளை மட்டும் வைத்து இனம் பிரிக்கப் பயமாக இருக்கிறது.

நுளம்பை ஈர்க்க வைக்கும் உலர்பனி (உறைந்த காபனீரொட்சைட்டு) இங்கே கிடைக்காது. சீனி, ஈஸ்ட் கரைசலில் வரும் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? விடியும்வரை வாயு வர எவ்வளவு சீனி, எவ்வளவு தண்ணீர்? சின்ன சோலார் தகட்டில் பற்றரி ஏற்றியவர்களும் சொல்லுங்கள். அப்புறம், பொறி தொங்கும் கயிற்றில் கிரீஸ் பூசினால் எறும்பு நிற்குமா? வருகிற வெள்ளி மறுபடி போகிறோம்.