‘கியூ’ என்ற சொல்லோடு நாம் பட்ட பாடு: உறுப்பினர் அனுபவங்கள்

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை:

பள்ளியில் நான் சொல்வதெழுதுதல் வைத்த ஆண்டுகளில் மாணவர்களை அதிகம் கவிழ்த்த சொல் எது என்று யாராவது கேட்டால், வரிசையைக் குறிக்கும் ‘கியூ’ என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். கியூ, யூ, ஈ, யூ, ஈ என்று ஐந்து எழுத்துகள் அதற்கு. ரேஷன் கடை வாசலில் மக்கள் கியூவில் நின்றார்கள் என்ற பொருள்பட ஆங்கில வாக்கியம் ஒன்றை எட்டாம் வகுப்பில் ஒருநாள் வாசித்தேன். பாதி வகுப்பு சி, யூ, ஈ என்று மூன்றெழுத்தில் எழுதியிருந்தது. பில்லியர்ட்ஸ் கோலுக்கும் நாடக மேடையில் நடிகருக்குத் தரப்படும் சைகைக்கும் உரிய எழுத்துக்கூட்டல் அது. ஒரு பையன் மட்டும் கியூ என்ற ஒற்றை எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருந்தான். சிவப்பு மையால் நான் சுழித்ததும் நோட்டோடு என் மேசைக்கு வந்து, “நீங்க சொன்ன சத்தம் இந்த ஒரு எழுத்துலயே முழுசா இருக்கே டீச்சர், மிச்ச நாலும் எதுக்கு?” என்று கேட்டான். மற்ற நான்கும் பின்னால் வரிசையில் நிற்கின்றன என்ற பழைய வேடிக்கையைச் சொல்லி அன்றைக்குச் சமாளித்தேனே தவிர, அது பதிலாகாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அன்று மாலை நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டியபோதுதான், அது பிரெஞ்சு மொழியில் வாலைக் குறிக்கும் சொல் என்பதும், லத்தீனிலிருந்து அங்கே வந்தது என்பதும் தெரிந்தது. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் அது நெடுநாள் விலங்கின் வாலையும், பிறகு முதுகில் தொங்கும் சடைப்பின்னலையும்தான் குறித்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை 1837-இல் வெளியிட்ட தாமஸ் கார்லைல், பாரிஸ் ரொட்டிக் கடைகளின் முன் நின்ற மக்களைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை வரிசை என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். ஐந்து எழுத்துகளும் பிரெஞ்சுக்காரர் எழுதுகிற அதே எழுத்துகள். ஒலியை மாற்றிக்கொண்ட ஆங்கிலேயர் எழுத்தில் கை வைக்கவில்லை. பில்லியர்ட்ஸ் கோலும் அதே வாலிலிருந்து பிறந்ததுதான் என்றாலும் அதற்கு மட்டும் எழுத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த ஓரவஞ்சனைக்கு என் மாணவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? மறுநாள் வகுப்பில் வால் என்று நான் சொன்னவுடனே அந்தப் பையன், “அனுமார் வாலு மாதிரி கியூ நிக்குதுன்னு எங்க அப்பத்தாகூடச் சொல்லும் டீச்சர்” என்றான். அகராதி எனக்கு ஒரு மாலை நேரம் முழுக்கச் சொன்னதை அப்பத்தா ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

நியூ ஜெர்சியிலிருந்து, மென்பொருள் துறையில் பணிபுரிபவர்:

நான் கற்றது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதை அமெரிக்காவில் இறங்கிய முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில் “கியூ எங்கே முடிகிறது?” என்று நான் கேட்டபோது எதிரே இருந்தவர் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஓ, லைனா?” என்றார். சரி, இனி லைன் என்றே சொல்லிவிடலாம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அதே மாதம் மன்ஹாட்டனில் ஒரு பேகல் கடையில் சற்று ஒதுங்கி நின்றிருந்தபோது, ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து “ஆர் யூ ஆன் லைன்?” என்று கேட்டார். நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்து, சிக்னல் கிடைக்கவில்லை என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வரிசையில் நிற்பதற்கு நாட்டின் பிற பகுதிகளில் ‘இன் லைன்’ என்பதையே நியூயார்க் வட்டாரத்தார் ‘ஆன் லைன்’ என்பார்கள் என்பதும், இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே அந்த வழக்கு இருந்தது என்பதும் பிறகு தெரிந்தது.

எனக்கு இன்றும் புதிராக இருப்பது வேறு. அச்சுப்பொறிக்குக் காத்திருக்கும் கோப்புகளையும் சர்வருக்குள் அடுத்தடுத்து நிற்கும் வேலைகளையும் இதே அமெரிக்கர்கள் தயங்காமல் கியூ என்கிறார்கள். மனிதர்கள் நின்றால்தான் அது லைனாகிவிடுகிறது.

லண்டனிலிருந்து, செவிலியர்:

இடையில் புகுபவரை இங்கே ‘கியூவைத் தாண்டுகிறார்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘வெட்டுகிறார்’ என்பார்களாம். 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசியாரின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தபோது தேம்ஸ் கரையோரமாக சதர்க் பூங்கா வரை நீண்ட வரிசையை, முதலெழுத்தைப் பெரிதாக்கி ஊர்ப்பெயரைப் போல எழுதினார்கள். இரவுப்பணி முடித்து வந்து நானும் நின்றேன். எண்ணிட்ட காகிதக் கைப்பட்டை ஒன்று கட்டிவிட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, கணித ஆய்வாளர்:

என் முனைவர் பட்ட ஆய்வு வரிசைக் கோட்பாட்டில். தொலைபேசி அழைப்புகளின் வரத்தையும் இணைப்புக்கான காத்திருப்பையும் ஆராய்ந்து கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் ஏர்லாங் 1909-இல் வெளியிட்ட கட்டுரையோடு தொடங்குகிற துறை இது. கியூவுக்குப் பின்னால் ஐ, என், ஜி சேர்க்கும்போது கடைசி ஈயை வைப்பதா எடுப்பதா என்பதில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. வைத்தால் யூ, ஈ, யூ, ஈ, ஐ என்று ஐந்து உயிரெழுத்துகள் ஒட்டி நிற்கும். இரண்டும் சரி என்கின்றன அகராதிகள். 1986-இல் தொடங்கிய ‘கியூயிங் சிஸ்டம்ஸ்’ என்ற எங்கள் துறை இதழ் தன் பெயரில் ஈயை வைத்துக்கொண்டிருக்கிறது.

என் நெறியாளர் ஆய்வேட்டின் தலைப்பில் ஈயோடு எழுதினார். நான் உள்ளே இயல்கள் முழுவதும் ஈயில்லாமல் எழுதியிருந்தேன். ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் எதற்கு என்று புறத்தேர்வாளர் ஓரக்குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். சமர்ப்பிக்க இரண்டு நாளே இருந்ததால், கணினியில் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒரே சொடுக்கில் எல்லா இடத்திலும் ஈயைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். துணைநூற்பட்டியலில் ஈ இல்லாமலேயே அச்சாகியிருந்த பிறருடைய கட்டுரைத் தலைப்புகளிலும் அது ஈயைச் செருகியிருந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை வந்த ஓரக்குறிப்பில், பிறர் தலைப்பைத் திருத்தும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது என்று அவர் கேட்டிருந்தார்.