புதுப்பிப்பு: நியூசிலாந்து கேரவன் பயணம், தங்கும் இடம் முடிவாகிவிட்டது

கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா, அப்பாவோடு ஏப்ரலில் நியூசிலாந்து தென் தீவுக்குப் போகிறோம், கேரவனை இரவில் எங்கே நிறுத்தலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் இரண்டு இரவுக்கு டெக்காப்போ ஏரிக்கரையில் மின் இணைப்புள்ள இடத்தைப் பதிவு செய்துவிட்டோம். நம் கோடை அங்கே இலையுதிர் காலம். ஏரியே சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் உள்ள தளி என்ற ஊரின் மார்கழிக் குளிரே அம்மாவுக்கு ஆகாது. ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடியாக வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். வாடகை கூடினாலும் பரவாயில்லை. அந்தப் பகுதி 2012 முதல் இருண்ட வானக் காப்பகம், அதாவது இரவு வானம் தெளிவாகத் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம். அப்பா நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறார், அதனால் அமாவாசையை ஒட்டித் தேதியை மாற்றினோம்.

மூன்றாம் இரவு குக் மலையடிவாரத்தில், ஒயிட் ஹார்ஸ் ஹில் அரசு முகாம். கரண்ட் கிடையாது. ஆனால் ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை அங்கிருந்தே தொடங்குகிறது. சரி, ஒரு ராத்திரி கம்பளியோடு சமாளிப்போம்.

சாலையோரம் இலவசமாக நிறுத்தலாமே என்றவர்களுக்கு: கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் உள்ள, சான்று பெற்ற வண்டிக்குத்தான் பல இடங்களில் அனுமதி.

அப்புறம், அம்மாவின் மாங்காய் ஊறுகாயை விமான நிலையத்தில் மறக்காமல் காட்டிவிடுவோம். உணவுப் பொருளைச் சொல்லாமல் கொண்டுபோனால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.