வெளிச்சவீட்டுக்கு உள்ளே போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நீரோடிக்காரன்:

எங்கள் ஊர் நீரோடி. தமிழகக் கடற்கரை மேற்கே எங்களோடு முடிகிறது. அடுத்தது பொழியூர், கேரளம். அப்பா நாற்பது ஆண்டுகள் வள்ளத்தில் போனவர். கேரளக் கரையின் விழிஞ்ஞம் வெளிச்சவீட்டைக் கடலிலிருந்து ஆயிரம் இரவுகள் பார்த்திருப்பார். கரையிலிருந்து ஒரு முறைகூடப் போனதில்லை. சென்ற ஆண்டு வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

1972இல் ஒளியேற்றிய கோபுரம், 36 மீட்டர் உயரம். உடம்பெங்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். அவற்றை அழகுக்குப் பூசிய வண்ணம் என்று நான் நினைத்திருந்தேன். பகலில் அந்தப் பட்டைகள்தான் பெயர்ப்பலகை என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். இரவில் விளக்கின் மின்னலே பெயர். எத்தனை மின்னல், நடுவில் எவ்வளவு இருட்டு என்பதை வைத்துத்தான் எது விழிஞ்ஞம், எது முட்டம் என்று தெரியும். சிறுவயதில் அவரோடு போன நாட்களில், தூரத்தில் வெளிச்சம் தட்டியதும் பேச்சை நிறுத்தச் சொல்வார். உதடு மட்டும் அசையும். அவர் செபம் சொல்கிறார் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

மேலே பணியிலிருந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். அப்பாவின் கைகளைப் பார்த்ததுமே தொழில் தெரிந்துவிட்டது போலும். மற்றப் பயணிகளுக்குச் சொல்லாததையெல்லாம் சொன்னார். விளக்கு அணைந்து அணைந்து எரிவதாகத்தான் அப்பா அதுவரை நினைத்திருந்தார். அது அணைவதே இல்லையாம். சுற்றுவது கண்ணாடி வில்லை. பட்டை பட்டையாகச் செதுக்கிய கண்ணாடி, சிதறிப்போகும் வெளிச்சத்தைக் கூட்டிச் சேர்த்து ஒரே கற்றையாக்கி அனுப்புகிறது. பிரெஞ்சுக்காரர் பிரெனெல் கண்ட உபாயம், 1820களில். அந்தக் காலத்து வில்லைகளின் எடை தாளாமல் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சுழற்றினார்களாம். கடிகாரம்போல் எடைக்கல்லைக் கையால் முறுக்கி ஏற்றிவிட வேண்டியிருந்ததாம். இரவு முழுக்க ஒருவர் கண் விழித்தால்தான் அன்று கடலில் மின்னல் தெரியும்.

"அப்படியென்றால் அது கண்ணை மூடவே இல்லையா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லை பெரியவரே. உங்கள் பக்கம் திரும்பும்போது உங்களுக்கு மின்னுகிறது. அவ்வளவுதான்."

அப்பா வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்த்தாண்டம் மருமகள்:

என் மாமனார் வெளிச்சவீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். 1927ஆம் ஆண்டு வெளிச்சவீட்டுச் சட்டத்தின்கீழ் வந்த துறை என்று பெருமையாகச் சொல்வார். 2021இல் புதுச் சட்டம் வந்தபோது ஏதோ சொத்துப் பறிபோனதுபோல் இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தார். ஊர் ஊராக மாற்றல். லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் இருந்த ஆண்டுகளைத்தான் அதிகம் பேசுவார். 1885இல் எரியத் தொடங்கிய வெளிச்சவீடு அது, செங்கடலிலிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல்களின் வழியில் நிற்கிறது. அன்று அரிசி முதல் கடிதம்வரை எல்லாம் கப்பலில் வர வேண்டும். பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நாள் தள்ளிப்போகும். அரிசியை அளந்து அளந்து பொங்குவார்கள்.

துறைக்கென்றே 'சாகர்தீப்' என்று கப்பல் உண்டு. வெளிச்சவீடுகளுக்குச் சாமான் கொண்டுபோவதோடு வேலை முடியாது. கடலில் மிதக்கும் மிதவைகளைத் தூக்கி மேலே ஏற்றி, ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, சங்கிலி தேய்ந்திருந்தால் மாற்றி, பழைய இடத்திலேயே இறக்க வேண்டும். இடம் கொஞ்சம் பிசகினாலும் அந்த மிதவை பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்பார் மாமனார்.

இன்னொன்று. பகலில் விளக்கறைக்குத் திரை போட்டுவிடுவார்கள். வில்லை வெளிச்சத்தை வெளியே அனுப்புவதுபோல் வெயிலையும் உள்ளே குவிக்குமாம், தீப்பிடித்துவிடும். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு ஜன்னல் திரைகளை இழுத்து மூடுகிறவர் அவர்தான். நானும் மாமியாரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். ஆலப்புழையில் 1862இல் தேங்காயெண்ணெய் ஊற்றி வெளிச்சவீட்டு விளக்கை எரித்த கதையையும் மீன் பொரிக்கும் நேரம் பார்த்துத்தான் சொல்வார்.

தூத்தூர் தம்பி:

இப்போது எல்லோரிடமும் ஜி.பி.எஸ். இருக்கிறது, வெளிச்சவீடு யாருக்கு என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு மழை இரவில் தண்ணீர் புகுந்து கருவி அணையும்வரை. காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) எங்கே இழுக்கின்றன என்று தெரியவில்லை. கூட வந்த மாமா கலங்கவில்லை. பகலில் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி, கணிச்சம் என்று இடக்குறி பார்த்து, பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் பிடிக்கும் தலைமுறை அவருடையது. வெளிச்சம் தென்பட்டதும் எண்ணினார். "விழிஞ்ஞம். வடக்கே தள்ளிவிட்டது, திருப்படா" என்றார். விடியும்முன் கரை சேர்ந்தோம்.

நீரோடிக்காரன்:

தம்பி, உங்கள் மாமா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கோவளத்துக் கரையில் விடுதி விளக்குகள் பெருகிய பிறகு எண்ணுவது கடினமாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார். அந்த விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன, ஒன்றாவது தன் பெயரைச் சொல்கிறதா என்கிறார்.